எறும்பு மொய்த்த கறுப்பெண்ணெய்

ஜம்ஹாரியின் கார் ஒழுகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது. இருபது வயதைத் தாண்டிய கார், மூன்றரை லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய கார், இரண்டு பேர் ஓட்டிச் சலித்துக் கைமாற்றிவிட்ட பிறகு மூன்றாவதாக அவரிடம் வந்த கார். இருந்தும் ஒரு சொட்டு எண்ணெய் மண்ணில் விழுந்ததில்லை. பாகான் செராய் பக்கம் அந்த வயதுக் கார்களெல்லாம் நின்ற இடத்தில் கோலம் போட்டுவிட்டுத்தான் நகரும். இவருடைய பச்சைக் கார் மட்டும் நின்ற இடம் தெரியாமல் நின்றுவிட்டுப் போகும். அதற்குப் புத்ரி என்று பெயர் வேறு வைத்திருந்தார். இளவரசியாம்.

ஆனால் ஊர்க் கண்ணுக்குப் புத்ரி இரண்டு வருடமாக ஒழுகிக்கொண்டிருந்தாள். விடியற்காலைத் தொழுகை முடிந்ததும், மனைவி கல்சோம் மறுபடி கண்ணயரும் நேரம் பார்த்து, ஜம்ஹாரி ஒரு பழைய சிரப் புட்டியோடு வாசலுக்கு வருவார். காருக்கு அடியில் விரித்திருக்கும் அட்டையில், எஞ்சினுக்கு நேர் கீழாக, நாலு சொட்டு விடுவார். கொஞ்சம் தள்ளி இன்னும் ரெண்டு. புட்டியில் இருப்பது பூன் என்கிற மெக்கானிக்கின் பட்டறையிலிருந்து வாங்கிவந்த கழிவு எண்ணெய். வேலிக் கம்பத்தில் கறையான் ஏறாமல் பூச வேண்டும் என்று சொல்லி வாங்கி வருவார். வேலியில் நாலே நாலு கம்பம்தான். அந்த நாலு கம்பத்துக்கு அவர் வாங்கிய எண்ணெயில் ஒரு பாலத்துக்கே பூசியிருக்கலாம்.

எதற்கு இந்தக் கூத்து என்றால், எல்லாம் மச்சினன் தர்மிஸியால் வந்தது. கல்சோமின் தம்பி, குவாலா குராவ் படகுத்துறையில் வேலை. தங்கமான பையன், நாற்பது வயதுப் பையன். அவனிடம் ஒரு மோட்டார் சைக்கிள் மட்டும்தான் உண்டு. முதல் தடவை காரைக் கேட்டு வாங்கிப்போய் மீன் ஏற்றிக்கொண்டு வந்தான். மீன் இறங்கியும் வாடை இறங்கவில்லை. இரண்டாம் தடவை ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு ஆட்டைப் பின்சீட்டில் உட்காரவைத்து அழைத்து வந்தான். ஆடு வழி முழுக்கச் சும்மா இருக்கவில்லை. அன்றைக்குத்தான் ஜம்ஹாரி மனதுக்குள் ஒரு முடிவு எடுத்தார்.

முடியாது என்று சொல்லிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். அந்த ஊரை நீங்கள் அறியமாட்டீர்கள். அங்கே யாரும் யார் முகத்துக்கு நேராகவும் முடியாது என்று சொல்வதில்லை. அதுவும் பெண்டாட்டியின் தம்பியிடம் சொல்வதாவது. அங்கே ஆள் மறுக்கமாட்டார், பொருள்தான் மறுக்கும். ஏணி கேட்டால் ஏணிக்குப் படி உடைந்திருக்கும். குடை கேட்டால் கம்பி வளைந்திருக்கும். கேட்டவரும் அடடா என்று உச்சுக்கொட்டிவிட்டு, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார். இரண்டு பக்கமும் மரியாதை மிஞ்சும். ஜம்ஹாரி செய்ததும் அதைத்தான், என்ன, கொஞ்சம் எண்ணெய் அதிகமாகச் செலவழித்தார்.

இரண்டு வருடம் அது அழகாக ஓடியது. மாதத்தில் ஒருமுறை தர்மிஸி வருவான், குனிந்து அட்டையைப் பார்ப்பான், தலையை ஆட்டுவான். "இன்னும் ஒழுகுதா பாங்? பாவம், வயசாயிடுச்சு" என்பான். அதற்குமேல் கேட்கமாட்டான். பாங் என்றால் அங்கே அண்ணன், பெண்டாட்டியும் புருஷனை அப்படித்தான் கூப்பிடுவாள். அவன் போனதும் ஜம்ஹாரி பானெட்டைத் திறந்து, அளவுக்கம்பியை உருவித் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, எண்ணெய் கோட்டில் நிற்பதைப் பார்த்துக் குழந்தையைப் போலச் சிரித்துக்கொள்வார்.

நோன்பு மாதம் பிறந்தது. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, நோன்பு திறக்கிற நேரத்தில், கல்சோம் பேரீச்சம்பழத் தட்டை நகர்த்திவிட்டுச் சொன்னாள்.

"பாங், இந்தப் பெருநாளைக்கு நான் பஸ் ஏற மாட்டேன்."

"ஏன், பஸ்சுக்கு என்ன கொறச்சல்?"

"பஸ்சுக்கு ஒண்ணுமில்ல, என் இடுப்புக்குத்தான். ஜெலியில எங்க பெரியக்கா வீட்டுக்கு ரெண்டு பெருநாளா அந்த மலை ரோட்டுல குலுங்கிக் குலுங்கிப் போறேன். வாசல்ல காரை நிறுத்தி வெச்சிட்டுப் பஸ்சுல போற குடும்பம் ஊர்லயே நாமதான்."

"ஒழுகுற காரை மலையேத்த முடியுமா சோம்? நடுக்காட்டுல நின்னுட்டா யானைதான் வந்து தள்ளணும்."

"அதைத்தான் நானும் சொல்றேன். ஒண்ணு ஒழுகலை நிறுத்துங்க. இல்லன்னா காரைத் தள்ளிவிடுங்க. பழைய இரும்புக்காரன் வந்து தூக்கிட்டுப் போகட்டும். தவணையில புதுசா ஒண்ணு பார்ப்போம்."

பேரீச்சம்பழக் கொட்டை ஜம்ஹாரியின் தொண்டையில் நின்றுகொண்டது. புத்ரியை இரும்புக்காரன் கிரேன் வைத்துத் தூக்குவது கண் முன்னால் வந்து நின்றது. ஒழுகலை நிறுத்துவதில் கஷ்டமே இல்லை, நாளைக்கே புட்டியைத் தூக்கி எறிந்தால் போயிற்று. ஆனால் நிறுத்திய மறுநாளே தர்மிஸி வருவான். நோன்புக் கடைசியில் அவனுக்குத் துணிமணி, பலகாரம், தேங்காய், கோழி என்று ஏற்றுவதற்கு ஆயிரம் இருக்கும். ஒழுகினால் இரும்புக்காரன், ஒழுகாவிட்டால் மச்சினன். ஜம்ஹாரி தண்ணீரைக் குடித்துக் கொட்டையை இறக்கினார்.

கல்சோம் ஒன்றைப் பிடித்தால் விடுகிறவள் அல்ல. பாசார் சந்தைக்குப் பக்கத்தில் பிசாங் கோரெங் கடை போட்டிருக்கிறாள். தினமும் நூறு பேர் மாவில் தோய்த்துப் பொரித்த அந்த வாழைப்பழத்துக்காக வந்து நிற்கிறார்கள், நூறு பேரிடமும் காரைப் பற்றி விசாரித்துவிட்டாள். அந்த ஊரில் காய்ச்சலுக்கு வைத்தியம் சொல்லாதவன்கூடப் பழைய காருக்கு வைத்தியம் சொல்வான். ஒருத்தர் கெட்டியான எண்ணெய் ஊற்று என்றார். ஒருத்தர் எஞ்சினை உள்ளே கழுவிவிட்டு மெல்லிய எண்ணெய் ஊற்று என்றார். கசிவை அடைக்கிற மருந்து ஒன்று குட்டிப் புட்டியில் வருகிறது, ஊற்றினால் மறுநாளே நின்றுவிடும் என்றார் இன்னொருத்தர். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு, கல்சோம் கணவரைப் பூனின் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

பூனுக்குக் குஷி. சுவர் முழுக்க எண்ணெய் டின்கள் அடுக்கியிருந்தான். "வாங்க காக். எந்தக் கறுப்பெண்ணெய் வேணும்?" என்று அக்கா முறை வைத்துக் கேட்டான். எஞ்சின் எண்ணெய் டின்னைத் திறந்தால் தேன் நிறத்தில்தான் இருக்கும், ஆனால் அங்கே அதற்குக் கறுப்பெண்ணெய் என்றுதான் பெயர்.

"கெட்டியானது. இருபது-ஐம்பது நம்பர். அதான் வயசான எஞ்சினுக்கு நல்லதாமே" என்றாள் கல்சோம்.

"வேணாம் சோம்" என்றார் ஜம்ஹாரி. "கெட்டி எண்ணெய் காலையில ஸ்டார்ட் பண்ணும்போது மேல ஏறவே நேரமாகும். அதுக்குள்ள எஞ்சின் காஞ்சு தேயும். வண்டி விக்கிறவன் சத்தத்தை மறைக்கிறதுக்கு ஊத்துறது அது. நமக்கு அதைவிட மெல்லிசான பத்து-நாற்பதுதான். அதிலயும் ரொம்ப ஓடுன வண்டிக்குன்னே ரப்பர் சீல் காயாம இருக்க மருந்து கலந்து ஒண்ணு வருது பாரு..."

"அதைத்தானே இத்தனை நாளா ஊத்துறீங்க?"

"ஆமா."

"ஒழுகுதே."

ஜம்ஹாரியின் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல எண்ணெய்க்கு அவ்வளவு பெரிய அவமானம் வந்ததில்லை. அந்த எண்ணெயைப் பார்த்துப் பார்த்து ஊற்றித்தான் புத்ரியை இத்தனை வருடம் காப்பாற்றினார் என்பதை இப்போது சொல்லவும் வழியில்லை.

"அப்போ உள்ளே கழுவிடுவோமா?" என்றாள் கல்சோம்.

"ஐயையோ, கழுவவே கூடாது. பழைய எஞ்சின்ல உள்ள ஒட்டிக்கிட்டு இருக்கிற கசடு ஒரேயடியா கழண்டு வந்து எண்ணெய் போற வழியை அடைச்சிடும். அப்புறம் எஞ்சின் அங்கேயே செத்துப்போகும்."

"இவ்வளவு தெரிஞ்ச ஆளுக்கு எங்க ஒழுகுதுன்னு மட்டும் தெரியலையாக்கும்."

பூன் டின்னுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தான். கடைசியில் கல்சோம் இருபது-ஐம்பது டின் ஒன்றும், கசிவை அடைக்கிற குட்டிப் புட்டி ஒன்றும் வாங்கினாள். கூடவே பிரேக் எண்ணெயும் ரேடியேட்டருக்கு ஊற்றுகிற பச்சை நீரும் கியர் எண்ணெயும் எடுத்துக்கொண்டாள். "ஒண்ணு விடாம மாத்திடுங்க. எது ஒழுகுதுன்னு தெரியாதப்போ எல்லாத்தையும் மாத்துறதுதான் வழி" என்றாள்.

அந்தக் குட்டிப் புட்டி ரப்பரை ஊதவைத்துக் கசிவை அடைக்கும். கசியாத எஞ்சினில் ஊற்றினால் நல்ல ரப்பரும் உப்பிக் கெட்டுப்போகும். ஜம்ஹாரி என்ன செய்தார் தெரியுமா? கல்சோம் கடைக்குப் போன நேரத்தில் இருபது-ஐம்பதைக் கோழிக்கூண்டுக்குப் பின்னால் ஒரு வாளியில் கொட்டினார். டின்னைத் துடைத்து, அதில் தன் பத்து-நாற்பதை நிரப்பினார். குட்டிப் புட்டியைக் கழுவி அதிலும் அதையே நிரப்பினார். மாலையில் கல்சோம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு மேற்பார்வை பார்க்க, வேர்க்க விறுவிறுக்கப் பழையதை இறக்கிவிட்டு எல்லாவற்றையும் அவள் கண் முன்னாலேயே ஊற்றினார். பிரேக் எண்ணெயையும் பச்சை நீரையும் கியர் எண்ணெயையும் நிஜமாகவே மாற்றினார். அவை மாற்ற வேண்டியவைதான். நோன்பு வாயோடு மூன்று மணி நேரம் காருக்கு அடியில் கிடந்தார்.

"கறுப்பெண்ணெய் கெட்டியா இருக்கா?" என்றாள் கல்சோம்.

"ரொம்பக் கெட்டி" என்றார் ஜம்ஹாரி, காருக்கு அடியிலிருந்து.

அன்றிலிருந்து ஒழுகல் நின்றது. ஜம்ஹாரி மனம் திருந்தி, சிரப் புட்டியைக் குப்பையில் போட்டுவிட்டார். கல்சோம் தினமும் அட்டையைப் பார்த்து, நான் சொன்னேனா இல்லையா என்று கடைக்கு வந்த நூறு பேரிடமும் சொன்னாள். இரும்புக்காரன் ஆபத்து நீங்கியது. மூன்றாம் வாரம் தர்மிஸி செய்தி அனுப்பினான்: வெள்ளிக்கிழமை நோன்பு திறக்க வருகிறேன், கார் சரியாகிவிட்டதாமே, சந்தோஷம்.

ஜம்ஹாரி அதை இரண்டு தடவை படித்தார். சந்தோஷம் என்று அவன் எழுதியதில் ஆட்டு வாடை அடித்தது. ஒரே ஒரு நாள், அந்த வெள்ளிக்கிழமை மட்டும், கொஞ்சமாக ஒழுகினால் போதும். கெட்டி எண்ணெய் போட்டும் முழுசாக நிற்கவில்லை, மலையேறும் ஆனால் பாரம் தாங்காது என்று சொல்லிவிடலாம். மனைவிக்கும் திருப்தி, மச்சினனுக்கும் பதில். ஆனால் புட்டி போய்விட்டது, காரிலிருந்து இறக்கிய பழைய எண்ணெயும் அப்போதே பட்டறைக்குப் போய்விட்டது. பூனிடம் கழிவு எண்ணெய் கேட்கலாம் என்று போனால், அதை மொத்தமாக வாங்குகிற லாரி முந்தின நாள்தான் வந்து வழித்துக்கொண்டு போயிருந்தது. வாளியில் இருந்த புது எண்ணெயோ தேன் நிறத்தில் மின்னியது. அதைச் சொட்டினால் குழந்தைகூட நம்பாது.

வெள்ளிக்கிழமை விடியலில் சமையல்கட்டில் நின்று யோசித்தபோது, அடுப்புக்குக் கீழே ஒரு டின் கண்ணில் பட்டது. கல்சோம் கடையிலிருந்து கொண்டுவந்த தீய்ந்த எண்ணெய். வாழைப்பழம் பொரித்துப் பொரித்துக் கரியாகிப்போன எண்ணெய். மூடியைத் திறந்து பார்த்தார். நிறம் அச்சு அசல். கரண்டியில் மொண்டு கொண்டுபோய் அட்டையில் தாராளமாக விட்டார். சொட்டின் வடிவம்கூட முன்னைவிட நன்றாக வந்தது. தன் கைத்திறனைத் தானே மெச்சிக்கொண்டு போய்ப் படுத்தார்.

எழுந்தபோது வெயில் ஏறியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தார். கல்சோம் துடைப்பத்தைக் கையில் பிடித்தபடி காருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள். அட்டையில் விரலை வைத்தாள், மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு எழுந்து, ஒன்றுமே நடக்காதது மாதிரி வாசலைப் பெருக்க ஆரம்பித்தாள்.

அவள் உள்ளே போனதும் ஜம்ஹாரி ஓடிவந்து பார்த்தார். வேலியோரப் புற்றிலிருந்து ஒரு எறும்பு வரிசை, வாசலைக் குறுக்கே கடந்து, முன்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு, அட்டையில் கூடியிருந்தது. ஆளுக்கு ஒரு துணுக்கு மாவைத் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. உலகத்தில் எந்தக் கறுப்பெண்ணெயிலும் எறும்பு மொய்த்ததாக வரலாறு இல்லை. ஜம்ஹாரி அட்டையை உதறினார், எறும்புகளை ஊதினார், கடைசியில் அட்டையைத் திருப்பிப் போட்டார். அதற்குள் எண்ணெய் மறுபக்கமும் ஊறியிருந்தது.

அவளுக்குத் தெரிந்துவிட்டதா இல்லையா என்பதுதான் அன்று முழுக்க அவரைத் தின்ற கேள்வி. கல்சோம் முகத்தில் ஒன்றுமில்லை. அதட்டவில்லை, முறைக்கவில்லை. வழக்கத்தைவிட அன்பாகப் பேசினாள். அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

மாலையில் தர்மிஸி வந்தான். குனிந்து பார்த்தான். "என்ன பாங், நின்னுபோச்சுன்னாங்களே" என்றான்.

ஜம்ஹாரி வாயெடுப்பதற்குள் கல்சோம் முந்திக்கொண்டாள். "நிக்கல தம்பி. வியாதி முத்திடுச்சு. காலையில பார்த்தேன், ஒழுகுன எண்ணெய்ல எறும்பு மொய்க்குது."

"எறும்பா? எண்ணெய்லயா?"

"ஆமா. சர்க்கரை வியாதிதான், வேற என்ன? நம்ம அப்பாவுக்கு எப்படித் தெரிஞ்சுது? எறும்பை வெச்சுத்தானே." அவள் முகத்தில் சிரிப்பின் நிழல்கூட இல்லை. "வளத்தவருக்கும் இருக்குமோன்னு எனக்கு ஒரே கவலை. இன்னையிலேருந்து இவருக்குக் காப்பியில சீனி கிடையாது."

தர்மிஸி ஜம்ஹாரியைப் பரிதாபமாகப் பார்த்தான். பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. அன்றைக்கு ஜம்ஹாரி சீனி இல்லாத காப்பியைக் குடித்தார், பிசாங் கோரெங் தட்டு அவரைத் தாண்டி மச்சினனிடம் போனதைப் பார்த்தார். அக்காவும் தம்பியும் வாசலில் நின்று வெகுநேரம் ஏதோ கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் தர்மிஸி கண்ணைத் துடைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறினான்.

பெருநாளுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது வாசலில் பூனின் லாரி வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து பூனும் தர்மிஸியும் இறங்கினார்கள். பின்னால் தார்ப்பாய் போட்டு ஏதோ மூடியிருந்தது. தர்மிஸி ஜம்ஹாரியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பாங், கோவிச்சுக்கக் கூடாது. பெரியக்கா, நான், தம்பிங்க எல்லாரும் பேசிக்கிட்டோம். நீங்க இந்தக் காரை எப்படிப் பார்க்கிறீங்கன்னு எங்களுக்குத் தெரியாதா? உங்க மனசு கஷ்டப்படுறதைப் பார்க்க முடியல. பெருநாள் பரிசா வெச்சுக்கங்க."

தார்ப்பாயை விலக்கினான். உள்ளே ஒரு எஞ்சின். எங்கேயோ மோதிச் சிதைந்த காரிலிருந்து வெட்டி எடுத்தது. வால்வு மூடியின் ஓரத்தில் எண்ணெய் கசிந்து காய்ந்து பிசினாகக் கிடந்தது. இது நிஜக் கசிவு என்று ஜம்ஹாரி பார்த்தவுடனே கண்டுகொண்டார்.

"பழசைக் கழட்டி இரும்புக்குப் போட்டுடலாம். இன்னைக்கே மாட்டிடுறேன்" என்றான் பூன், சங்கிலியை அவிழ்த்துக்கொண்டே. "பானெட்டைத் திறங்க பாங்."

ஜம்ஹாரி அசையவில்லை. இரவல் கேட்டவனுக்கே முகத்தில் அடித்துச் சொல்லாத ஊரில், பரிசு கொண்டுவந்தவனுக்கு என்ன சொல்ல முடியும்? வாங்கிக்கொண்டால் புத்ரியின் நெஞ்சு போய்விடும். அதோடு நிற்காது. மச்சினர்கள் அத்தனை பேரும் போட்ட எஞ்சின், ஆளுக்கு ஒரு நாள் கார் கேட்க உரிமை வந்துவிடும். அவர் கல்சோமைப் பார்த்தார். கல்சோம் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, சாவகாசமாக முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நோன்பு மாதத்தில் அந்த நேரத்தில் யாரும் அரிசி புடைப்பதில்லை.

பூன் தானே போய்க் கார்க் கதவைத் திறந்து பானெட் கொக்கியை இழுத்தான். அது டக் என்று விட்டது. ஜம்ஹாரி ஓடிப்போய்ப் பானெட்டைக் கையால் அழுத்திப் பிடித்தார்.

"தொடாதே பூன். அது ஒழுகல."

"அட்டையில இருக்கே பாங்."

"நான்தான் ஊத்துனேன். ரெண்டு வருஷமா தினமும் காலையில நான்தான் சொட்டுச் சொட்டா ஊத்துறேன். உன் கழிவு எண்ணெய் எல்லாம் வேலிக்குப் போகல, அட்டைக்குத்தான் போச்சு." பிறகு தர்மிஸியின் பக்கம் திரும்பி, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உனக்குக் காரைக் கொடுக்க எனக்கு இஷ்டமில்ல. தரமாட்டேன். அதைச் சொல்ல வாய் வரல."

கல்சோமின் முறம் மட்டும் சளக் சளக் என்றது. ஜம்ஹாரிக்குக் காது மடல் வரைக்கும் எரிந்தது. வானம் இடிந்து விழும் என்றுதான் அவர் எதிர்பார்த்தார்.

"ஆட்டுக்காகவா?" என்றான் தர்மிஸி.

"மீனுக்காகவும்தான்."

"அப்பவே தரமாட்டேன்னு சொல்லியிருக்கலாமே பாங்."

"உன்கிட்டயா? எப்படிடா சொல்றது?"

தர்மிஸி யோசித்துப் பார்த்தான். அவனும் அந்த ஊர்க்காரன்தானே. "அதுவும் சரிதான்" என்று ஒத்துக்கொண்டான். பூனுக்கு அதற்குமேல் தாங்கவில்லை, லாரிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான். தர்மிஸியும் சிரித்தான். இந்த எஞ்சின் துறையில் ஏதாவது ஒரு படகுக்குப் பொருந்தும், நானே எடுத்துக்கொள்கிறேன் என்று தார்ப்பாயை இழுத்து மூடினான். ஜம்ஹாரிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இவ்வளவு சுலபமா, இதற்கா இரண்டு வருடம் என்று நினைத்தார்.

அப்போதுதான் முறத்தின் சத்தம் நின்றது.

"உனக்கு முன்னாடியே தெரியுமா சோம்?" என்று ஜம்ஹாரி மெதுவாகக் கேட்டார்.

"என் சட்டி எண்ணெய் எனக்குத் தெரியாதா? மாவு வேற மிதக்குது."

"அப்புறம் ஏன் சொல்லல? எஞ்சின் வர்ற வரைக்கும் விட்டுட்டியே."

"நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். இவன் ரெண்டு வருஷம் கார் கேட்டு ஏமாந்தான். நான் கேக்காமலே ஏமாந்தேன். மலையில போற பஸ்சுல உங்க பக்கத்துல தானே உக்காந்திருந்தேன்? அப்பக்கூட உங்களுக்குச் சொல்லத் தோணல." அவள் குரல் ஒரு கணம் பிசகியது. உடனே சரிசெய்துகொண்டாள். "தர்மிஸி, பெருநாளைக்கு முந்தின நாள் நீதான் காரை ஓட்டுற. என்னை ஜெலியில கொண்டுபோய் விடு. உன் சாமான் என்ன உண்டோ ஏத்திக்க."

"அப்போ பாங் எப்படி வருவாரு?" என்றான் தர்மிஸி.

"அவருக்குப் பஸ் டிக்கெட் எடுத்து வெச்சிருக்கேன். ஒண்ணுதான் எடுத்தேன்."

ஜம்ஹாரி வாயைத் திறந்தார். தரமாட்டேன் என்ற வார்த்தை அன்றைக்கு ஒரு தடவை வந்ததோடு சரி, மறுபடி வரவில்லை.

பயண நாளன்று அவர் தர்மிஸியைப் படுத்திய பாட்டைச் சொல்லி முடியாது. மலை தொடங்குகிற கிரிக் ஊரைத் தாண்டுமுன் நிறுத்தி எஞ்சினை ஆறவிட்டு அளவுக்கம்பியைப் பார்க்கச் சொன்னார். குறைந்தால் ஊற்ற ஒரு டின் பத்து-நாற்பதைச் சீட்டுக்கு அடியில் வைத்தார். வேறு எண்ணெய் எதையும் கலக்காதே, ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்காதே, இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு போகாதே என்று மூச்சுவிடாமல் சொன்னார். தர்மிஸி எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே டிக்கியில் இரண்டு கோழிகளை ஏற்றினான். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

கிரிக்கைத் தாண்டி பஸ் முனகிக்கொண்டு மலையேறியபோது, பின்னாலிருந்து ஹாரன் கேட்டது. பச்சைக் கார் ஒன்று பக்கவாட்டில் வந்தது. ஜம்ஹாரி எழுந்து நின்று ஜன்னலில் முகத்தை ஒட்டினார். மூன்றரை லட்சம் ஓடிய எஞ்சின் அந்த ஏற்றத்தில் முக்காமல் முனகாமல் ஏறியது. புகைக்குழாயில் புகை இல்லை. தர்மிஸி கையை ஆட்டினான். பக்கத்துச் சீட்டைப் பின்னுக்குச் சாய்த்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, தலைமுக்காடு கலைந்து, வாயைத் திறந்தபடி கல்சோம் அடித்துப்போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள்.

இந்த ரோட்டில் அவள் தூங்கி ஜம்ஹாரி பார்த்ததே இல்லை. இரண்டு பெருநாளும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, விழித்துக்கொண்டு, வெளியே பார்த்தபடிதான் வருவாள். அவளுக்கு வேடிக்கை பார்க்கப் பிடிக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவர் பாட்டுக்குத் தூங்கிவிடுவார்.

"பழைய வண்டி, ஆனா ஏத்தத்துல புகையே இல்ல பாருங்க" என்றார் பக்கத்துச் சீட்டுக்காரர். "யாரோ எண்ணெய் பார்த்துப் பார்த்து ஊத்துறான். உங்களுக்குத் தெரிஞ்சவங்க வண்டியா?"

வேறு நாளாக இருந்தால் ஜம்ஹாரி ஜெலி வரைக்கும் அவருக்கு எண்ணெயைப் பற்றியே பேசியிருப்பார்.

"என் சம்சாரத்தோட வண்டி" என்றார்.

பஸ் ஒரு வளைவில் திரும்பிக் குலுங்கியது, சீட்டுக் கம்பி அவர் இடுப்பில் இடித்தது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.